கம்பியைப் பார்க்காமல் கையெழுத்திட்டேன்: பள்ளிக் கட்டடக் குழுவில் இருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

பொதுப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டும்போது கண்காணிப்புக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக இருப்பவர்களும் இனி இருக்கப்போகிறவர்களும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நானும் அப்படி ஒரு குழுவில் இருந்தேன். என் கையெழுத்தைக் காட்டித்தான் ஒப்பந்ததாரர் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கு இரண்டு வகுப்பறைகள் கட்ட அரசு நிதி ஒதுக்கப்பட்டது. அஸ்திவாரம், கூரை, பூச்சுவேலை என ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் பொறியாளர் அளவுப் புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும், குழு அதைச் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும், அதன் பிறகே பில் பாஸாகும் என்பது ஏற்பாடு. கூரைக்கான பில், நிதியாண்டு முடிய ஐந்து நாள் இருக்கும்போது வந்தது. இப்போது போடாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும், பிள்ளைகள் வராந்தாவிலேயே உட்கார வேண்டியதுதான் என்று சொல்லி, ஒப்பந்ததாரர் பேனாவையும் தாமே எடுத்து நீட்டினார். அண்ணாந்து பார்த்தேன். கான்கிரீட் போட்டாகிவிட்டது, அதைத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங் பலகைகள் பிரிக்கப்படவில்லை. ஆக, என் கண்ணுக்குத் தெரிந்தவை பலகைகள் மட்டுமே. அதைத்தான் 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில், நல்லவேளையாக ஒரு விடுமுறை நாளில், கூரையின் அடிப்பகுதி ஒரு பாய் அகலத்துக்குப் பெயர்ந்து பெஞ்சுகளின்மேல் விழுந்தது. உள்ளே துருவேறிய கம்பிகள் தெரிந்தன. கம்பிக்குக் கீழே ஏறத்தாழ 20 மில்லிமீட்டராவது கான்கிரீட் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் கவர் பிளாக் என்னும் சிறு துண்டுகளை வைக்கிறார்கள். இங்கே கம்பியைப் பலகையின்மேல் அப்படியே படுக்கவைத்திருந்தார்கள். கீழே கிடந்த ஒரு மாணவனின் அடிக்கோலை எடுத்து இரண்டு கம்பிகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தேன்: 21 சென்டிமீட்டர். மதிப்பீட்டில் இருந்தது 15. லேத் பட்டறையில் வேலை பார்க்கும் பெற்றோர் ஒருவர் வெர்னியர் அளவுகோல் கொண்டுவந்து, துருவைச் சுரண்டிவிட்டு அளந்தார். 12 மில்லிமீட்டர் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் 10 மில்லிமீட்டர் கம்பிதான் இருந்தது.

இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். கம்பியின் எடை அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 10 மில்லிமீட்டர் கம்பி 0.62 கிலோ. இடைவெளியையும் சேர்த்துக் கணக்கிட்டால், நாங்கள் அளந்த இடத்தில், பணம் கொடுத்த இரும்பில் ஏறத்தாழப் பாதிதான் கூரைக்குள் போயிருக்கிறது.

பிறகு கோப்பின் நகலைக் கேட்டு வாங்கினோம். கான்கிரீட் போட்டது 11ஆம் தேதி. அதே கான்கிரீட்டில் வார்த்த கட்டிகளை 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்கும் வலிமைச் சோதனையின் அறிக்கையில் இருந்த தேதி, அதே மாதம் 23! பன்னிரண்டே நாளில் இருபத்தெட்டு நாள் வயதை எட்டிய அந்தக் கான்கிரீட் கட்டிகளைப் பற்றி, பில்லைப் பாஸ் செய்த எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, ஏனென்றால் அந்தத் தாளை நான் புரட்டவே இல்லை.

இது எங்கள் பள்ளிக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 2016 ஜனவரியில் ஆக்ஸ்காங்ஸ் தொடக்கப்பள்ளியின் வெளிச்சுவர் புயலில் சரிந்து, சுமார் 9 டன் செங்கல் கீழே விழுந்தது. பிள்ளைகள் வருவதற்கு முன் நடந்ததால் உயிர்கள் தப்பின. சில மாதங்களில் அந்நகரில் 17 பள்ளிகள் மூடப்பட்டன. ஜான் கோல் தலைமையிலான விசாரணை, சுவரின் இரு அடுக்குகளை இணைக்கும் இரும்புப் பிணைப்புகள் காரைக்குள் போதிய ஆழம் பதிக்கப்படவில்லை என்று 2017இல் சொன்னது. மூடிவிட்டால் தெரியாத வேலை, மூடுவதற்கு முன் யாரும் பார்க்காத வேலை. எங்கள் கூரையும் அதே கதைதான்.

ஆகவே, கம்பி கட்டி முடித்த அன்றே, கான்கிரீட் ஏறுவதற்கு முன்னால், கம்பி வரைபடத்தையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிடுங்கள். டேப் படத்தில் தெரியும்படி புகைப்படம் எடுங்கள். மேஸ்திரி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். சோதனைக் கட்டிகளை உங்கள் கண்முன் வார்க்கச் சொல்லி, ஈரம் காயும் முன் அவற்றின்மேல் தேதியையும் உங்கள் கையெழுத்தையும் கீறிவிடுங்கள். நிதியாண்டு முடிகிறது என்று யாராவது அவசரப்படுத்தினால், அளவுப் புத்தகத்தை இன்னும் மெதுவாகப் படியுங்கள்.

எங்கள் புகாருக்கு இதுவரை கிடைத்த பதில்: குழுவே பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறது. ஒப்பந்ததாரரும் அலுவலகமும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வார்த்தை மாறாமல் ஒன்றுபோலப் பேசுகிறார்கள். இதற்கிடையே, குறைநீக்கப் பொறுப்புக் காலம் முடிந்துவிட்டதால் பிடித்து வைத்திருந்த வைப்புத்தொகையை ஒப்பந்ததாரருக்கு விடுவிக்கலாம் என்று ஒரு படிவம் போன வாரம் வந்தது. 'பணி திருப்திகரம்' என்ற வரிக்குக் கீழே என் பெயரும் தேதியும் முன்கூட்டியே தட்டச்சாகியிருந்தன. அந்தத் தாள் கையெழுத்தில்லாமல் என் மேசைமேல் இருக்கிறது.