சிபிடி வாங்கப் போகிறீர்களா? எங்கள் பல்கலைக்கழக சர்வதேச மாணவர் அலுவலகம் பற்றி

அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் எம்.எஸ். படிக்கிறேன். கோடை இன்டர்ன்ஷிப்புக்கு சிபிடி (படிக்கும்போதே, படிப்பின் பகுதியாக வேலை பார்க்கும் அனுமதி) வாங்க எங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போய் வந்தேன். ஆலோசகருக்கு ஐந்து நட்சத்திரம், மற்ற ஏற்பாடுகளுக்கு இரண்டு.

முதலில் அவர்கள் நடத்தும் விளக்கக் கூட்டம். போகாவிட்டாலும் நஷ்டமில்லை. ஸ்லைடில் இருப்பதை அப்படியே வாசிக்கிறார்கள். ஒரு கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும், வேலை படிப்போடு சம்பந்தப்பட்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் யாருக்குத்தான் தெரியாது?

ஆலோசகரோடு நேரில் உட்கார்ந்து பேசியதுதான் உருப்படியான விஷயம். கம்பெனி கொடுத்த ஆஃபர் லெட்டரை அந்த அம்மா வரி வரியாகப் படித்தார். 'நேரம் தேவைக்கேற்ப' என்று இருந்த வரியில் ஹைலைட்டரை இழுத்துவிட்டு, "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்கி வா" என்றார். முடியும் தேதியும் இல்லை, அதையும் கேட்டார். கறார்தான், ஆனால் காரணம் இருக்கிறது. 20 மணி நேரம் வரை பகுதி நேரம், அதற்கு மேல் போனால் முழு நேரம். முழு நேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால் அந்தப் படிப்பு மட்டத்துக்கான ஓபிடி (பெரும்பாலும் படிப்பு முடிந்தபின் எடுக்கும் வேலை அனுமதி) போய்விடும். 'சிபிடி எடுத்தாலே ஓபிடி போச்சு' என்று சீனியர்கள் வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடும் பீதியை நம்பாதீர்கள். ஒரு கோடைக்கால வேலையால் ஒன்றும் ஆகாது.

அப்புறம், கம்பெனியில் ஒரு வாரம் முன்னதாகவே பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். ஐ-20-இல் (பல்கலைக்கழகம் தரும் மாணவர் சான்றுப் படிவம்) போட்ட தேதிக்கு ஒரு நாள் முன்னால்கூடப் போகக் கூடாது என்று ஆலோசகர் உறுதியாகச் சொன்னார். அவர்களும் தேதியை மாற்றிக்கொண்டார்கள். எச்.ஆர். "வேலை அனுமதி அட்டை எங்கே?" என்று கேட்டதற்கும் இவரிடம் பதில் இருந்தது: சிபிடிக்கு தனி அட்டை கிடையாது, ஐ-20-இன் இரண்டாம் பக்கத்தில் கம்பெனி பெயரோடு இருக்கும் அனுமதிதான். பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), ஐ-20 மூன்றையும் காட்டியதும் ஐ-9 (வேலை பார்க்கும் தகுதியைக் கம்பெனி சரிபார்க்கும் படிவம்) வேலை முடிந்தது.

கோபம் எங்கே என்றால், பணத்தில். எங்கள் துறையில் சிபிடிக்கு இன்டர்ன்ஷிப் பாடம் ஒன்றைப் பதிவு செய்தாக வேண்டும். கோடைக் கட்டணம் தனி. சம்பளத்துக்கு வேலை செய்ய நாம் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டும்! வேலை பாடத்திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும் என்பது விதி, சரி. அதை ஆஃபர் வருவதற்கு முன்பே சொல்லியிருக்கலாமே? இணையதளத்தில் ஒரு மூலையில்கூட இல்லை. துறை அலுவலகத்தில் கையெழுத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது. நேரில் பார்க்கும் நேரமும் மதியம், சரியாக வகுப்பு நடக்கும் வேளையில்.

கம்பெனி மாறினால் புது அனுமதி வேண்டும் என்பதால், ஆஃபர் உறுதியாகும் முன் விண்ணப்பித்து வைக்க வழியில்லை. லெட்டர் வந்த அன்றே போய்விடுங்கள். ஓபிடிக்கும் அந்த அம்மாவிடமே போவதாக இருக்கிறேன். படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், இந்த முறை கூட்டத்துக்கெல்லாம் காத்திருக்கப் போவதில்லை.