மேலே ஊற்றுவதா, கழுவி மாற்றுவதா?

பிளெக்ஸ் அச்சிடும் சால்வென்ட் (கரைப்பான் மை) இயந்திரத்தில் மையின் பிராண்டை மாற்ற இரண்டு வழிகள் உண்டு: மிச்சமிருக்கும் மையின் மேலேயே புதியதை ஊற்றுவது ஒன்று, குழாய், டேம்பர் (ஹெட்டுக்கு முன் மை தங்கும் சிறு அறை), மையைத் தெளிக்கும் ஹெட் அனைத்தையும் வடித்துக் கழுவிய பின் நிரப்புவது மற்றொன்று.

முதல் வழியில் மை வீணாவதில்லை, இயந்திரமும் நிற்பதில்லை. அவசர ஆர்டர் இருக்கும்போது அதன் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. ஆனால் இரண்டு சயானும் பார்வைக்கு ஒரே நீலமாக இருந்தாலும், நிறமித் துகள்களைத் தாங்கும் பிசினும் கரைப்பானும் பிராண்டுக்குப் பிராண்டு வேறுபடுவதால், ஒவ்வாதவை கலந்தால் துகள்கள் திரண்டு, முதலில் ஃபில்டரையும் பிறகு கோனிகா 512 போன்ற ஹெட்டின் நாசில்களையும் (மை வெளிவரும் நுண்துளைகள்) அடைத்துவிடும். அடைப்பு அன்றே தெரியாமல், சில நாள் கழித்து நாசில் சோதனைத் தாளில் கோடுகள் விடுபடும்போது பழி ஹெட்டின் மீதே விழுகிறது. பழைய மை தீரத் தீர நிறமும் நகர்வதால், அந்த மைக்கெனப் போட்ட நிறப் புரொஃபைலும் (நிறம் சரியாக வர உதவும் அமைப்புக் கோப்பு) நிலைப்பதில்லை.

கழுவி மாற்றினால் குழாயிலுள்ள மையும் கிளீனிங் திரவமும் பல மணி நேர வேலையும் செலவாகும். ஃபில்டரையும் டேம்பரையும் அப்போதே மாற்றிவிடலாம். புரொஃபைலை ஒரு முறை புதிதாக எடுத்தால் போதும்.

தயங்குவோர், இரண்டு பிராண்டின் ஒரே நிறத்தைச் சம அளவில் கண்ணாடிக் குப்பியில் கலந்து 24 மணி நேரம் வைத்துச் சாய்த்துப் பார்க்கலாம். சுவரில் மணல்போல் ஒட்டினால் மேலே ஊற்றும் பேச்சுக்கே இடமில்லை. ஹார்டு சால்வென்டிலிருந்து (வீரியமான கரைப்பான் மை) ஈகோ சால்வென்டுக்கு (வீரியம் குறைந்த கரைப்பான் மை) மாறுவோருக்கோ குப்பிச் சோதனையே தேவையில்லை, கழுவித்தான் ஆக வேண்டும்.