சம்புப் புல்லின் வளர்ச்சிக் கணக்கும் ‘ஆர்’ மென்பொருளும்

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில், வனத்துறையின் அனுமதியோடு வெட்டியெடுத்த சம்புப் புல்லை 70 டிகிரி செல்சியசில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கணக்கிட்ட பின், அந்த எண்களை ஒரு வளர்ச்சி வளைவில் பொருத்துவதற்கு ‘ஆர்’ (R) என்ற புள்ளியியல் மென்பொருளில், தரவுக்கு மிக நெருக்கமான வளைவைத் தேடும் ‘என்எல்எஸ்’ (nls) கட்டளையைப் பயன்படுத்தினேன். 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த, 1,247 ஹெக்டேருக்கும் அதிகமான இந்த நிலத்தில் எங்கு பார்த்தாலும் வெட்டி எடை போட முடியாது. முடிந்தாலும் அது கூடாது என்பதே என் கருத்து. சில சதுரங்களில் அறிந்ததைக் கொண்டு மற்றவற்றை மதிப்பிட ஒரு கணித மாதிரி வேண்டும். அதற்குக் கட்டணம் ஏதுமின்றிக் கிடைக்கும் இம்மென்பொருள் பெரும்பாலும் போதுமானது.

கட்டளை தன் தேடலைத் தொடங்க வேண்டிய தொடக்க மதிப்புகளை நாமே ஊகித்துக் கொடுத்தால் கணக்கு பல முறை பாதியில் நின்றுவிடும். ‘எஸ்எஸ்லாஜிஸ்’ (SSlogis) என்ற, ‘S’ வடிவில் ஏறி நிலைபெறும் வளைவு மாதிரி அந்த மதிப்புகளைத் தரவிலிருந்து தானே கண்டறிகிறது. குறைந்தது நான்கு வெவ்வேறு நாள்களின் அளவீடு மட்டும் இருக்க வேண்டும். அது தரும் மூன்று எண்களும் களத்தில் பொருளுள்ளவை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த அம்சம்: உயிர்த்திரள் (செடியின் உலர் எடை) எட்டக்கூடிய உச்ச அளவு, அதில் பாதியை எட்டும் நாள், வளர்ச்சி எவ்வளவு நாள் பரவியுள்ளது என்பதற்கான அளவு. உச்ச அளவை மூன்றாவது எண்ணின் நான்கு மடங்கால் வகுத்தால், ஒரு நாளில் கூடும் அதிகபட்ச எடை கிடைத்துவிடும்.

ஆனால் இவ்வளைவுக்கு ஏறத்தான் தெரியும். கோடையில் நீர் வற்றித் தாள்கள் காய்ந்து எடை குறையும் பகுதியையும் சேர்த்துப் பொருத்தினால் உச்ச அளவே தவறாகிவிடும். எனவே வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய ஏறுமுகத் தரவை மட்டும் கொடுப்பது முறை. மேலும், செடி பெருக்கப் பெருக்கச் சதுரத்துக்குச் சதுரம் எடை வேறுபாடும் கூடுகிறது. எந்த அளவீட்டுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்ற எடைமதிப்பை நாம் தராவிட்டால், ‘என்எல்எஸ்’ எல்லாப் பிழைகளையும் சமமாகவே கருதும். இதைச் சரிசெய்ய ‘ஆர்’ மென்பொருளின் ‘என்எல்எம்இ’ (nlme) தொகுப்பிலுள்ள ‘ஜிஎன்எல்எஸ்’ (gnls) கட்டளை உதவுகிறது. அதைக் கற்கச் சற்றுப் பொறுமை வேண்டும்.

சேற்றுக்குள் இருக்கும் கிழங்குத் தண்டின் எடையை எந்தக் கட்டளையும் ஊகித்துத் தராது. அதைத் தோண்டிக் கழுவி உலர்த்திய கணக்கைத் தனி வளைவாகப் பொருத்துவதே நேர்மையான வழி.