லண்டன் போற ஆக்களுக்கு: வேவர்லி பேடில் ஸ்டீமர்ல ஒருக்கா ஏறுங்கோ

வெள்ளவத்தைல அனேகமான வீட்டுக்கு லண்டன்ல ஒரு ஆளாவது இருக்கும், பிள்ளையளப் பாக்கப் போற அம்மா அப்பாமார் ஈஸ்ட்ஹாம் முருகன் கோயிலும் ரெண்டு மூண்டு கடையும் பாத்திட்டுத் திரும்பி வந்திடுவினம், அவைக்காகத்தான் இத எழுதுறன். செப்டம்பர் கடைசி, ஒக்டோபர் பக்கம் அங்க நிண்டா வேவர்லில ஏறுங்கோ. பேடில் ஸ்டீமர் எண்டா ரெண்டு பக்கமும் பெரிய சக்கரம் தண்ணிய அடிக்க நீராவில ஓடுற கப்பல். கோடைல ஸ்கொட்லாந்துல கிளைட் ஆத்துப் பக்கம் ஓடுற கப்பல், அதுக்குப் பிறகு தேம்ஸுக்கு வரும். நான் டவர் பியர் எண்ட இறங்குதுறைல ஏறினன். கப்பல் வரேக்க டவர் பிரிட்ஜ் ரெண்டாப் பிரிஞ்சு மேல எழும்புது, ரோட்டில பஸ்ஸெல்லாம் நிக்குது, நாங்க கீழால போறம்.

ஆனா என்னைக் கேட்டா குடுத்த காசு எஞ்சினுக்குத்தான். வேற கப்பல்ல எஞ்சின் ரூம் எண்டா பூட்டின கதவு. இதுல ரெண்டு பக்கமும் நடைபாதை விட்டிருக்கினம், கம்பியப் பிடிச்சுக்கொண்டு நிண்டா சக்கரத் தண்டச் சுத்துற மூண்டு பெரிய கிராங்கும் கண்ணுக்கு முன்னால சுத்துது, எண்ணெய் மணமும் சூடும் முகத்தில அடிக்குது. 2100 குதிரை வலு, ட்ரிபிள் எக்ஸ்பான்ஷன், அதாவது ஒரே நீராவி முதல்ல சின்ன சிலிண்டர்ல வேலை செஞ்சு, அமுக்கம் குறைய அடுத்த பெரிசுக்குப் போய், பிறகு அதவிடப் பெரிசுக்குப் போகுது. கப்டன் மேல நிண்டு டெலிகிராப்ப, அதாவது எஞ்சின் ரூமுக்குக் கட்டளை அனுப்புற கைபிடிய, இழுத்தா கீழ மணி அடிக்கும், அதக் கேட்டு எஞ்சினியர்தான் கையால எஞ்சின நிப்பாட்டுவார், பின்னுக்கு விடுவார். ரெண்டு சக்கரமும் ஒரே தண்டில இருக்கிறதால ஒண்ட முன்னுக்கும் மற்றத பின்னுக்கும் சுத்தித் திருப்பவும் ஏலாது. அப்படியான கப்பலக் காத்துக்குள்ள பியர்ல கொண்டு வந்து அணைக்கிறது எவ்வளவு பெரிய வேலை எண்டு அங்க நிண்டு பாத்தாத்தான் விளங்கும், நான் அந்த இடத்த விட்டு அசையவேயில்ல.

முதல் இருந்த வேவர்லி 1940ல ரெண்டாம் உலகப் போர் நேரம் பிரான்ஸ் கரையில இருக்கிற டன்கேர்க்ல ஆமிக்காரர ஏத்தப் போய்க் குண்டு விழுந்து தாண்டது. அதுக்குப் பதிலா எல்என்ஈஆர் ரயில்வே கிளாஸ்கோல கட்டினது இது, 1947ல ஓடத் தொடங்கினது. ரயிலால இறங்கிக் கப்பல்ல ஏறுறது, எங்கட போட் மெயில் மாதிரித்தான், கோட்டைல ஏறித் தலைமன்னார்ல கப்பல் மாறி தனுஷ்கோடி போனவை இன்னும் இருக்கினம், அவைக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்ல. எங்கட அந்தப் பாதை 1964 புயலோட போச்சு. வேவர்லியும் 1973ல ஓய்ஞ்சது, ஆனா பேடில் ஸ்டீமர் விரும்பிற சங்கம் ஒண்டுக்கு ஒரு பவுணுக்குக் குடுக்க அவை 1975ல திரும்ப ஓட்டினவை. 2019ல பொய்லர் பழுதாகி அந்த வருஷம் ஓடேல்ல, சனத்திட்ட காசு சேர்த்துப் புதுப் பொய்லர் போட்டு 2020ல திரும்ப வந்தது. கடல்ல ஆக்கள ஏத்தி ஓடுற பேடில் ஸ்டீமர் உலகத்திலயே இப்ப இது ஒண்டுதான்.

டிக்கெட் ரூபாயில பாத்தா கூடத்தான், ஆனா கப்பல் ஒரு தர்ம அமைப்பின்ர, அந்தக் காசிலதான் அடுத்த வருஷமும் ஓடும், அதால எனக்கு மனவருத்தம் இல்ல. ஜக்கெட் கட்டாயம், மேல் டெக்ல குளிர் காத்து. படி செங்குத்து, முழங்கால் நோ உள்ளவை கவனம். சின்னப் பிள்ளையளுக்குச் சக்கரம் தண்ணிய அடிக்கிறத வட்டக் கண்ணாடியால காட்டுங்கோ. காலநிலையப் பாத்து ஓட்டம் மாறும், அதால பிளைட் ஏறுற நாளுக்கு முதல் நாள் புக் பண்ணாதேங்கோ.