யாழ்ப்பாணத்திலேயே சோதனையா, நேரே கொழும்புக்கா?

குழந்தைப்பேற்றுக்கான சிகிச்சையைக் கொழும்புக் கிளினிக் ஒன்றில் தொடங்குவது என்று முடிவெடுத்தாயிற்று. முதற்கட்டச் சோதனைகளை எங்கே செய்வது?

எல்லாவற்றையும் கொழும்பில் செய்தால் அறிக்கைகள் ஓரிடத்தில் இருக்கும். அதைவிட, தெரிந்த முகம் எதிர்ப்படாது. யாழ்ப்பாணத்தில் ஆய்வுகூட வாசலில் நின்றாலே "என்ன பிள்ளை, விசேஷமோ?" என்று கேட்க ஓர் அன்ரி வருவார்.

ஆனால் நாள் கணக்கு இடிக்கும். கருமுட்டை வளர்ச்சியைத் தூண்டும் ஹோர்மோன்களான எப்.எஸ்.எச்., எல்.எச். சோதனைகளுக்கு மாதவிடாயின் 2ஆம் அல்லது 3ஆம் நாளில் இரத்தம் எடுப்பது வழக்கம். மாதவிடாய் சொல்லிவிட்டா வருகிறது? பஸ்ஸில் இடம் பிடித்து 400 கிலோமீற்றர் போவதற்குள் அந்த நாள் தப்பிவிடலாம். இங்கே என்றால் காலையில் இரத்தம் கொடுத்துவிட்டு வேலைக்கே போகலாம். தைரொயிட், சீனி, ருபெல்லா (ஜேர்மன் அம்மை) எதிர்ப்புச்சக்தி ஆகியவற்றையும் இங்கேயே பார்ப்பதுதான் நல்லது. அதிலும் ருபெல்லாவை முந்திப் பாருங்கள். தடுப்பூசி போடவேண்டி வந்தால் அதன்பின் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது.

விந்துப் பரிசோதனைக்கு மட்டும் என் வாக்கு கொழும்புக்கு. விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளிவிட்டுக் கொடுக்கும் மாதிரி ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் இருக்கவேண்டும். கிளினிக்கிலேயே கொடுத்தால் அந்த ஓட்டம் இல்லை. மருமகளை மட்டும் டொக்டரிடம் அனுப்பும் மாமிமாரே, இது மகனுக்கும் ஆரம்பத்திலேயே செய்யவேண்டிய சோதனை.

அப்புறம், வெளி அறிக்கைகளை ஏற்பார்களா, எத்தனை மாதம் வரை செல்லும் என்று கிளினிக்கிடம் முதலே கேட்டுவிடுங்கள்.