பெர்லின் எக்ஸ்போர்ட்டர்: இரவல் வாங்குங்கள், வாரிசாக வேண்டாம்

பெர்ல் என்ற புரோகிராமிங் மொழியோடு கூடவே வருகிற எக்ஸ்போர்ட்டர் மாட்யூல் (மற்ற புரோகிராம்களும் எடுத்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்பு) எனக்கு மிகவும் பிடித்தது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஒரு மாட்யூலில் எழுதிய ஃபங்ஷனை இன்னொரு ஃபைலில் பெயர் சொல்லிக் கூப்பிட வழி செய்கிறது, அவ்வளவுதான். ஆனால் பழைய பாடங்களில் காட்டியபடி எழுதினால் தொல்லைதான்.

பழைய முறையில் நம் மாட்யூலையே எக்ஸ்போர்ட்டரின் வாரிசாக ஆக்குவார்கள், அதாவது அதன் மெத்தட்கள் (ஒரு மாட்யூலின் பெயரில் கூப்பிடும் ஃபங்ஷன்கள்) எல்லாம் நம் மாட்யூலுக்கும் வந்துவிடும். நமக்குத் தேவை, கேட்கிற பெயரைக் கேட்டவரிடம் கொண்டுசேர்க்கும் 'இம்போர்ட்' என்ற ஒரே மெத்தட். கூடவே 'எக்ஸ்போர்ட்_டேக்ஸ்', 'எக்ஸ்போர்ட்_டு_லெவல்' எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்போர்ட்டர் 5.57 முதல் 'இம்போர்ட்'டை மட்டும் கேட்டு வாங்கலாம். பெர்ல் 5.8.3-லேயே இந்த வசதி வந்துவிட்டது. இன்றும் பலர் பழையபடியே எழுதுவது எனக்கு வருத்தம்தான்.

வாரிசு விஷயத்தில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'கணக்கு' என்ற மாட்யூல் 'முழுமையாக்கு' என்ற ஃபங்ஷனை ஏற்றுமதி செய்கிறது (வெளியே கேட்பவருக்குக் கொடுக்கிறது), 'வரி' அதன் வாரிசு என்று வையுங்கள். 'வரி'யிடம் போய் 'முழுமையாக்கு' கேட்டால், அது ஏற்றுமதி ஆகவில்லை என்று புரோகிராம் நின்றுவிடும். வாரிசாக வருவது 'இம்போர்ட்' போன்ற மெத்தட்கள்தான். ஏற்றுமதிப் பட்டியல் வராது. எக்ஸ்போர்ட்டர் 'வரி'யின் சொந்தப் பட்டியலைத்தான் பார்க்கும். சரி, பெயரை அங்கே சேர்த்துவிட்டால்? அதுவும் போதாது, அந்த ஃபங்ஷனை 'வரி' முதலில் 'கணக்கி'லிருந்து இம்போர்ட் செய்திருக்க வேண்டும்.

தலைகீழாகவும் நடக்கும். ஒரு கிளாஸுக்குள் (ஆப்ஜெக்ட்களை உருவாக்கும் மாட்யூல்) லிஸ்ட்::யூட்டில் என்ற மாட்யூலிலிருந்து, மிகப்பெரிய எண்ணைத் தரும் 'மேக்ஸ்' ஃபங்ஷனை எடுத்தால், ஆப்ஜெக்ட்டிலும் 'மேக்ஸ்' என்றொரு மெத்தட் முளைத்துவிடும், அதன் வாரிசுகளிலும்கூட. பெர்லுக்கு ஃபங்ஷனும் மெத்தடும் ஒன்றுதான். கிளாஸ் எழுதும்போது நேம்ஸ்பேஸ்::கிளீன் என்ற மாட்யூலைப் போட்டு இதைத் துடைத்துவிடுவேன்.

ஏற்றுமதிப் பட்டியல்களில் நான் எப்போதும் 'எக்ஸ்போர்ட்_ஓகே' என்ற பட்டியலின் பக்கம்தான். கேட்டால்தான் கொடுக்கும். லிஸ்ட்::யூட்டில் அப்படித்தான் நடந்துகொள்கிறது. போசிக்ஸ் மாட்யூலோ, ஒன்றும் கேட்காமல் 'யூஸ்' (மாட்யூலை எடுக்கும் கட்டளை) சொன்னால் போதும், நூற்றுக்கணக்கான பெயர்களைக் கொண்டுவந்து கொட்டிவிடும். எந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அப்புறம் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எக்ஸ்போர்ட்டரில் எனக்குள்ள ஒரே குறை, இம்போர்ட் செய்யும்போது பெயரை மாற்றிக்கொள்ள முடியாது. இரண்டு மாட்யூல்கள் ஒரே பெயரோடு வந்து மோதினால், நம் கையில் உள்ள மாட்யூலை சப்::எக்ஸ்போர்ட்டர் என்ற இன்னொரு ஏற்றுமதி மாட்யூலுக்கு மாற்றிவிடுங்கள். அதில் வேறு பெயரிட்டு எடுத்துக்கொள்ளலாம்.