ஊசி போடும் வரை குறையில்லை: சுங்கை சிப்புட்டில் பெக்கா பி40 பரிசோதனை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து 12 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். இவ்வாண்டு தொடக்கத்தில் 66 வயதான என் தாயாரையும் 58 வயதான சின்னம்மாவையும் அழைத்துக்கொண்டு, பெக்கா பி40 திட்டத்தில் பதிவு பெற்ற ஒரு தனியார் கிளினிக்கிற்கு இலவசப் பரிசோதனைக்குச் சென்றேன். ஒரு சென்கூடக் கேட்கவில்லை. ஆனால் பரிசோதனை முறையாக முடிந்ததா என்று கேட்டால், அம்மாவுக்கு முடிந்தது, சின்னம்மாவுக்குப் பாதியில் நின்றது என்றுதான் சொல்லவேண்டும். கிளினிக்கின் பெயரை நான் எழுதப்போவதில்லை. குறை அந்த ஒரு கதவுக்குள் மட்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

திட்டத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் தோட்டப்புறத்தில் இன்னும் நிறையப் பேர் இருப்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019இல் சுகாதார அமைச்சு தொடங்கிய இத்திட்டம், அரசாங்கத்தின் ரொக்க உதவி பெறும் பி40 குடும்பத்தினருக்கும் (வருமானத்தில் கீழ் 40 விழுக்காட்டில் இருப்பவர்கள்) அவர்களின் துணைவருக்கும் உரியது. தொடக்கத்தில் 50 வயதைத் தாண்டிய சுமார் 8 லட்சம் பேரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட இதன் வயது வரம்பு மறு ஆண்டே 40ஆகக் குறைக்கப்பட்டது. எஸ்.டி.ஆர். எனப்படும் அந்த ரொக்க உதவிப் பணம் வருகிறது, வயது 40ஐத் தொட்டுவிட்டது என்றால் தனியாக மனுச் செய்ய வேண்டியதில்லை. பதிவு பெற்ற கிளினிக்கிற்குத் தொலைபேசியில் அழைத்து நாள் வாங்கிக்கொண்டு, அடையாள அட்டையை எடுத்துச் சென்றால் போதும். படிவம் நிரப்புவதற்கே ஆள் தேட வேண்டியிருக்கும் எங்கள் தோட்டத்தில், மனு இல்லை என்பது சிறிய காரியமன்று. இதை வகுத்தவருக்கு ஏழைகளைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்கிறது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வருகை நன்றாகவே நடந்தது. காலை எட்டரைக்கு உள்ளே போனோம். முகப்பில் இருந்த பெண் அட்டை எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்து, இருவரும் தகுதி உள்ளவர்கள் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தபின் சிறுநீருக்கு ஒரு குப்பி கொடுத்தார்கள். அம்மா அதை முந்தானையில் மறைத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனதையும், திரும்பி வரும்போது அதே முந்தானையில் மறைத்து எடுத்து வந்ததையும் பார்த்த தாதி சிரிக்காமல் வாங்கிக்கொண்டார். இரத்தம் எடுக்கும்போதுதான் சின்னம்மாவின் கையில் நரம்பு அகப்படவில்லை. நாற்பது ஆண்டுகளாகக் கத்தியும் கோணிச்சாக்கும் பிடித்துக் காய்த்துப்போன கை. தாதி இரண்டாவது முறை குத்தவில்லை. வெந்நீரில் நனைத்த துண்டைக் கொண்டுவந்து முழங்கைக்கு உள்பக்கம் ஒற்றிவிட்டு, "இப்ப கையை மூடித் திறங்கம்மா" என்று தமிழில் சொல்லி, அடுத்த முயற்சியில் எடுத்துவிட்டார். அங்கே எடுத்த இரத்தத்தில் இரத்த அணுக்களின் எண்ணிக்கை, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., கொழுப்பு, சிறுநீரகத்தின் செயல்பாடு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். இதே சோதனைகளைச் சொந்தப் பணத்தில் செய்துகொள்வதென்றால் சின்னம்மாவின் சில நாள் கூலி போய்விடும்.

மனநலத்தைப் பற்றியும் கேள்விகள் உண்டு. கடந்த 2 வாரங்களில் எதையும் செய்வதற்கு ஆர்வம் இல்லாமல் இருந்ததா என்று கேட்டபோது, "வேலைக்குப் போறதுக்கு எனக்கு எந்த வாரத்துலயும் ஆர்வம் இருந்ததில்லையே" என்று சின்னம்மா பதில் சொல்ல, தாதிக்கு அதை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று தெரியவில்லை. அந்தக் கேள்வித்தாள் தமிழில் இருந்திருக்கலாம். தாதி வாய்மொழியாக மொழிபெயர்த்துக் கேட்டார். அவர் விடுப்பில் இருக்கும் நாளில் யார் கேட்பார்கள் என்பது தெரியவில்லை.

இவ்வளவு விரிவாக ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் மக்களுக்கு இந்த இரத்தப் பரிசோதனை ஆடம்பரமன்று. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதைவிட அச்சம் தருவது, அந்த 18.3இல் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது என்பதுதான். சர்க்கரை வலிக்காது. கால் புண் ஆறாதபோதோ கண் மங்கும்போதோ அது தன்னைக் காட்டும்போது பல ஆண்டுகள் கடந்திருக்கும். நாட்டில் சிறுநீரகம் செயலிழந்து புதிதாக டயாலிசிஸுக்கு வருவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்து சேர்ப்பது நீரிழிவே. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். எங்கள் தோட்டத்திலிருந்து அப்படிப் போய்வரும் இருவரின் வீட்டில், வேலைக்குப் போகும் இன்னொருவர் வேலையை விட்டிருக்கிறார்.

முன்பு தோட்டத்துக்குள்ளேயே ஒரு சிறு மருந்தகம் இருந்தது. அதைக் கவனித்த மருத்துவ உதவியாளரான டிரெசர் ஐயா, காலையில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டு முடிந்ததும் கதவைத் திறப்பார். அவர் பெரிய மருத்துவர் அல்லர். எல்லா நோய்க்கும் ஒரே சிவப்பு மருந்தைக் கொடுக்கிறார் என்ற கேலியும் அவர்மேல் உண்டு. ஆனால் யார் மருந்தை நிறுத்திவிட்டார், யார் வீட்டில் யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், வராதவரைத் தேடி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கே வருவார். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டத்தில் தோட்ட முதலாளிகளுக்கு மருத்துவ வசதி தொடர்பான கடமைகள் உள்ளன. ஆனால் அக்கடமை வேலையோடு வருவது, வேலையோடு போவது. இன்று தோட்டத்து வேலையில் பெரும்பகுதி குத்தகைக்காரர் கையில் இருக்கிறது. ஓய்வு பெற்றவர்களும், சின்னம்மாவைப் போல் குத்தகைக்காரரிடம் உதிரிப்பழம் பொறுக்கி மூட்டைக் கணக்கில் கூலி வாங்குபவர்களும் யாருடைய பதிவேட்டிலும் இல்லை. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ, 40 வயதை எட்டிய சந்தாதாரர்களுக்கு 2013 முதல் இலவசப் பரிசோதனை வழங்கிவருகிறது. சந்தாவே கட்டப்படாத சின்னம்மாவுக்கு அந்தக் கதவும் திறக்காது. ஆகவே பெக்கா பி40 ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியது.

இனி இரண்டாம் வருகை. இத்திட்டத்தில் முதல் நாள் இரத்தம் எடுத்து, பின்னொரு நாள் முடிவை மருத்துவர் நேரில் விளக்க வேண்டும். ஒரு வாரத்தில் அழைப்போம் என்றார்கள். அழைப்பு வரவில்லை. இரண்டாம் வாரம் நான் அழைத்தபோது யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் வாரம் எடுத்தவர், முடிவு வந்து பல நாளாகிறது, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். அம்மா ஓய்வில் இருப்பவர், உடனே கிளம்பினார். இரத்தக் கொதிப்பு சற்று அதிகம், உப்பைக் குறைக்க வேண்டும், மூன்று மாதத்தில் மீண்டும் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். நான்கு நிமிடத்தில் முடிந்த பேச்சு. கையில் கொடுத்த தாளில் தமிழ் இல்லை என்பது ஒருபுறமிருக்க, எந்த எண் எதைக் குறிக்கிறது என்பதைச் சொல்ல ஆளும் இல்லை.

சின்னம்மா அன்று வரவில்லை. அவர் பக்கத்துக் கணக்கு எளிமையானது. தோட்டத்துக்குள் பேருந்து வருவதில்லை. வேனுக்குப் போக வர 30 வெள்ளி (ரிங்கிட்). அரைநாள் போனால் அன்றைய வேலை முழுவதும் போகும், அது இன்னும் 50 வெள்ளி. முதல் முறை அந்த 80 வெள்ளியை இழந்தவர், "ஊசிதான் போட்டாச்சே, இன்னும் எதுக்கு?" என்று கேட்டார். இரத்தம் எடுத்ததே வைத்தியம் என்று அவர் நினைத்திருந்தார். அது வெறும் பார்வைதான், மருந்து இன்னும் தொடங்கவே இல்லை என்பதை அங்கே யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லத் தவறினேன். ஆறு வாரம் கழித்து அவரை ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் போனேன். எச்.பி.ஏ.1.சி. 9.4. நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியின்படி 6.3ஐத் தொட்டாலே நீரிழிவு. இந்த எண் ஒரு மாதத்துக்கும் மேலாக அந்தக் கிளினிக்கின் கணினியில் இருந்திருக்கிறது. முடிவு இவ்வளவு மோசமாக வந்தவரை மட்டுமாவது தேடி அழைக்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் வருகைக்கு ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். இரண்டாம் வருகைக்கு ஒன்றரைக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை, அந்த ஒன்றரையும் மருத்துவர் சின்னம்மாவை அரசாங்கக் கிளினிக்கிற்கு அனுப்பக் கையோடு கடிதம் எழுதிக் கொடுத்ததற்காக.

நிதி இல்லாமல் இந்தக் குறை வந்ததாக யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதே திட்டத்தில் மருத்துவக் கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரை உதவி உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையை நடுவில் விடாமல் முடிப்பவருக்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகை உண்டு. அரசாங்க மருத்துவமனைக்குச் சிகிச்சைக்குப் போய்வரும் தகுதியுள்ளவர்களுக்குத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரையும் சபா, சரவாக்கில் 1,000 வெள்ளி வரையும் போக்குவரத்துச் செலவு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விடுவதற்குப் பயணச் செலவும் ஒரு காரணம் என்பதை அறிந்து வைத்த தொகைகள் இவை. நோய் முற்றியவருக்குத் தூரம் ஒரு செலவு என்று ஒப்புக்கொள்ளும் திட்டம், நோய் முற்றாமல் இருக்கப் பரிசோதனைக்கு வருபவரின் தூரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. பட்டணத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருப்பவருக்கும் 12 கிலோமீட்டர் செம்மண் பாதையில் வருபவருக்கும் இரத்தக் குழாய் ஒன்றுதான், வேன் கட்டணம் ஒன்றன்று.

மடானி மருத்துவத் திட்டத்திலும் இதே போக்கைத்தான் கண்டேன். காய்ச்சல், இருமல் போன்றவற்றுக்கு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 250 வெள்ளி வரை தனியார் கிளினிக்கில் இலவசம் என்று 2023 ஜூன் 15இல் அது தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட 10 மாவட்டங்களில் ஈப்போ அடங்கிய கிந்தா இருந்தது, எங்கள் கோலகங்சார் இல்லை. பின்னர் விரிவுபடுத்தினார்கள். கிளினிக்குகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் தொடங்குவது நிர்வாகத்துக்கு வசதிதான். ஆனால் வசதிக்குறைவான இடத்துக்கு அது எப்போதும் இரண்டாவதாகவே வந்து சேர்கிறது.

இவற்றோடு ஒப்பிட்டால், 1 வெள்ளி வாங்கும் அரசாங்கக் கிளினிக்கை நான் இப்போது அதிகம் மதிக்கிறேன். காத்திருப்பது நீண்ட நேரம்தான். முதல் நாள் ஏழு மணிக்கு வரிசையில் நின்ற சின்னம்மா வெளியே வரும்போது மதியம் பன்னிரண்டரை. ஆனால் அந்த ஒரு வெள்ளியில் மருத்துவர், இரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் அடங்கிவிட்டன. கால் விரல்களுக்கு இடையில் பிரித்துப் பார்த்தார்கள், கண்ணைப் படம் எடுக்க நாள் குறித்தார்கள், வராவிட்டால் கூப்பிட எண் வாங்கிக்கொண்டார்கள். டிரெசர் ஐயா செய்த வேலையில் ஒரு பங்கை அந்த எண் செய்கிறது.

தோட்டத்திலிருந்து போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். நாள் வாங்கும்போதே வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கிளினிக்கும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. பழைய மருந்து உறைகளை எடுத்துச் செல்லுங்கள். கிளம்புவதற்கு முன் இரண்டாம் வருகைக்கான தேதியை வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வதோடு விடாமல், அட்டையில் எழுதச் சொல்லி வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள். நான்கு பேர் சேர்ந்தால் வேன் கட்டணம் ஆளுக்கு ஏழரை வெள்ளியாகிவிடும்.

நாங்கள் அப்படித்தான் தொடங்கியிருக்கிறோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மாரியம்மன் கோயில் வாசலிலிருந்து வேன் கிளம்புகிறது. முடிவு வாங்கப் போகிறவர்களுக்கு முதல் இடம், இரத்தம் கொடுக்கப் போகிறவர்களுக்கு மிச்ச இடம். கோயில் கணக்கிலிருந்து பாதிக் கட்டணம் தரலாமா என்று தலைவரிடம் கேட்டிருக்கிறேன், திருவிழாக் கணக்கு முடியட்டும் என்றிருக்கிறார். வரும் சனிக்கிழமைக்கு இதுவரை ஐந்து பெயர்கள். முன்னிருக்கை வேண்டும் என்று சின்னம்மா சொல்லிவைத்திருக்கிறார், பின்னிருக்கையில் உட்கார்ந்தால் அவருக்கு வாந்தி வரும்.